தேக்குப் படிக்கட்டில் ஒரு துளைகூட இல்லாமல்: இரண்டு தடுப்புக் கதவுகள், பதினான்கு மாதங்கள்

மாடிப்படிக்குக் குழந்தைத் தடுப்புக் கதவு வாங்க நினைப்பவர்களின் கண்ணில் இணையக் கடைகளில் முதலில் படுவது ‘துளையிடத் தேவையில்லை’ என்ற வரிதான். அந்த வரியை நம்பி ஒரு கதவையும், நம்பிக்கை போனபின் வேறு வகையில் இன்னொரு கதவையும் வாங்கி, பதினான்கு மாதங்கள் புழங்கியபின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஒரே வார்ப்பில் வந்தவை போன்ற கதவுகள் இங்கே பத்துப் பெயர்களில் விற்கப்படுகின்றன. எனவே வாங்குபவருக்கு நிறுவனத்தின் பெயரைவிடக் கதவின் வகையும், அது எந்த இடத்தில் எப்படி நிற்கிறது என்பதுமே முக்கியம் என்று கருதிப் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

எங்கள் வீடு கோயம்புத்தூரில் 1974-இல் மாமனார் கட்டியது. படிகள் மொசைக். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் முழுவதும் நிலம்பூர்த் தேக்கில் செய்த கைப்பிடி. கீழ்ப்படியருகே ஒன்றும் மாடித்தளத்தில் ஒன்றுமாக மூன்றரை அங்குலச் சதுரத்தில் இரண்டு தலைத்தூண்கள் நிற்கின்றன. அவற்றுக்கு இடையே கடைசல் பிடித்த மெல்லிய கால்கள் வரிசையாக ஏறுகின்றன. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொதியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பழைய முறைப் பாலிஷ் அது. தீபாவளிக்குச் சீரியல் விளக்கு கட்டுவதென்றாலும் மாமா நூலைத்தான் அனுமதிப்பார். சுவரில் எத்தனை துளை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், மரத்தில் ஒன்றுகூடக் கூடாது என்று அவர் சொன்னபோது எனக்கு அது பிடிவாதமாகவே பட்டது. சுவரில் விழுந்த துளையைப் பட்டி வைத்து அடைத்து, ஒரு கை பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும். தேக்கில் விழுந்த துளையை மரத்தூளும் பசையும் குழைத்து எவ்வளவு நேர்த்தியாக அடைத்தாலும், மரத்தின் ரேகை அறுந்த இடம் எந்த வெளிச்சத்திலும் தெரியும். கதவுகளுடன் வந்த இரண்டு கையேடுகளிலும் இவ்வளவு தெளிவான வழிகாட்டுதல் இல்லை என்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன்.

மகனுக்குப் பத்தாவது மாதம் தொடங்கிய வாரத்தில் அவன் நான்காவது படியில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்ததை அத்தைதான் முதலில் பார்த்தார். அடுத்த மூன்று நாட்கள், பழைய வீடுகளில் வழக்கமாகச் செய்வதைப் போலப் படியின் முன்னே ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டு வைத்தோம். நான்காம் நாள் அவன் அந்தப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டான்.

முதலில் வாங்கியது அழுத்தத்தில் நிற்கும் வகை. விலை 3,650 ரூபாய். ‘ப’ எழுத்தைப் போல அடியில் குறுக்குக் கம்பியுடன் கூடிய இரும்புச் சட்டம், அதன் நடுவே கதவு. சட்டத்தின் நான்கு மூலைகளிலும் ரப்பர் முனை கொண்ட திருகாணிகள் இருக்கின்றன. அவற்றைத் திருகத் திருக முனைகள் வெளியே நீண்டு, இரு பக்கச் சுவர்களையும் நெட்டித் தள்ளி, அந்த நெட்டலிலேயே கதவு நிற்கிறது. பெட்டியைத் திறந்தவுடன் கதவின் கொக்கி எதிர்ச் சட்டத்தை எட்டாமல் இரண்டு விரல் இடைவெளியோடு கோணலாக இருப்பதைப் பார்த்து, உடைந்த பொருளை அனுப்பிவிட்டார்கள் என்று கோபத்தோடு திருப்பி அனுப்ப முற்பட்டேன். அது உடைப்பு அன்று. திருகாணிகளை இறுக்கும்போது சட்டத்தின் மேல்முனைகள் உள்நோக்கி வளைந்து அந்த இடைவெளி மூடிக்கொள்வதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். இந்த வகைக் கதவுகளுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டியிருக்கும் மதிப்புரைகளில் பாதி, இந்த ஒன்றைக் கையேடு பெரிய எழுத்தில் சொல்லாததால் வந்தவை என்றே நினைக்கிறேன்.

பெட்டியின் மேல் ‘ஈஎன் 1930’ என்று அச்சிட்டிருந்தது. 1930 முதல் இயங்கும் நிறுவனம் போலும் என்று என் கணவர் மதிப்போடு சொன்னார். அது ஆண்டு அன்று. குழந்தைத் தடுப்புக் கதவுகளுக்கான ஐரோப்பியத் தரத்தின் எண். அமெரிக்காவில் இதற்கெனத் தனித் தரம் உண்டு. அது 2021 ஜூலை 6 முதல் அங்கே சட்டப்படி கட்டாயமாகியிருக்கிறது. கதவின் உயரம் குறைந்தது 22 அங்குலம் இருக்க வேண்டும் என்பதும், குறிப்பிட்ட விசையோடு தள்ளினால் கதவு இடத்தைவிட்டுப் பெயரக் கூடாது என்பதும் அந்தத் தரம் சோதிப்பவற்றுள் அடங்கும். பெட்டியில் இத்தகைய எண் இருப்பது நல்லதுதான். ஆனால் சோதனைக்கூடத்தின் நேரான, உறுதியான சட்டத்தில் தேறிய கதவு ஐம்பது ஆண்டுப் பழைய தூணுக்கும் சுண்ணாம்பு உதிரும் சுவருக்கும் இடையே அதே வலுவோடு நிற்கும் என்று அந்த எண் உறுதி தருவதில்லை.

இந்தக் கதவைக் கீழ்ப்படியில் பொருத்தினோம். அரை மணி நேர வேலை, துளை ஒன்றும் இல்லை, மாமாவும் மறுப்புச் சொல்லவில்லை. மூன்று வாரங்கள் கழித்து ஒரு மூலைத் திருகாணி தளர்ந்திருப்பதாகத் தோன்றி அதைக் கழற்றியபோதுதான் தூணில் காசளவு கருவளையம் ஒன்றைக் கண்டோம். துடைத்தும் போகவில்லை. நகத்தால் தடவிப் பார்த்தால் பாலிஷ் அந்த இடத்தில் லேசாக அமுங்கியிருந்தது தெரிந்தது. பிறகு வந்த ஆசாரி ஒரு பார்வையிலேயே காரணத்தைச் சொன்னார். ரப்பரிலும் மென்மையான பிளாஸ்டிக்கிலும் கலந்திருக்கும் எண்ணெய்ப்பசை போன்ற சேர்மானங்கள் நாளடைவில் பாலிஷுக்குள் இறங்கி அதை இளக்கி நிறம் மாற்றிவிடும். அரக்குப் பாலிஷ் சூட்டுக்கும் இளகக் கூடியது என்பதால், ஏப்ரல் வெயிலில் இறுக்கமான ரப்பர் முனை அதில் முத்திரை குத்தியதுபோலப் பதிந்துவிடும். நாற்காலிக் காலுக்கு மாட்டும் ரப்பர் மூடியை மேசை மேல் வைத்து மறந்துவிட்டவர்களுக்கு இந்தக் கறை பழக்கமானதாகவே இருக்கும்.

கறையாவது மேற்பரப்போடு போயிற்று. அதைவிடக் கவலை தந்தது தூணின் அசைவு. அழுத்தக் கதவு தன்னை நிறுத்திக்கொள்ள இரவும் பகலும் தூணை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தலைத்தூணோ மேலிருந்து வரும் எடையைத் தாங்கவும், கைப்பிடியைப் பற்றி ஏறுபவர் இழுக்கும் இழுப்பைத் தாங்கவும் செய்யப்பட்டது. பக்கவாட்டில் ஓயாமல் தள்ளும் விசையை அதன் அடிமூட்டு எதிர்பார்த்திருக்கவில்லை. ஒரு மாதத்தில் கைப்பிடியைப் பிடித்தால் ‘கிர்’ என்ற முனகல் கேட்கத் தொடங்கியது. தூண் சற்றே நகர்ந்ததால் கதவு தளர்ந்தது. தளர்ந்த கதவை மீண்டும் இறுக்கினோம். இறுக்கியதால் தூண் இன்னும் நகர்ந்தது. துளையில்லாமல் பொருத்துவதும் சேதமில்லாமல் பொருத்துவதும் ஒன்றென்று நினைத்திருந்தது எங்கள் பிழை.

இதே குறை, கடைசல் கால்களில் மாட்டுவதற்கென்று தனியே விற்கும் கவைக்கோல் வடிவ இணைப்புகளுக்கும் உண்டு. திருகாணியின் முனையில் செருகினால் அந்தக் கவை ஒரு காலைக் கவ்விக்கொள்கிறது. கறை விழாதபடி மெத்தை ஒட்டிய கவைகளும் கிடைக்கின்றன. ஆயினும் முழு நெட்டலையும் ஒன்றரை அங்குலப் பருமனுள்ள ஒற்றைக் கால் தாங்க வேண்டியிருக்கிறது. கால்கள் சிமெண்டில் ஊன்றிய இரும்பு என்றால் வாங்கலாம். கடைசல் மரம் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கீழ்க்கதவின் இன்னொரு குறை குழந்தையைப் பற்றியது அன்று. அடியிலுள்ள குறுக்குக் கம்பி தரையிலிருந்து ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கிறது. பகலில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. அத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்ட வேண்டியிருந்தது. மறு கையில் டம்ளர் இருந்தால் கைப்பிடியைப் பற்றக் கை இல்லை. இருமுறை கால் தடுக்கியது. கீழ்ப்படியில் தடுக்கினால் தரையில்தான் விழுவார். இதே கம்பி படியின் மேல்முனையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மேல்முனையில் அழுத்தக் கதவைப் பொருத்தக் கூடாது என்று பல நாட்டு அறிவுரைகளும் சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: கம்பி பெரியவர்களைத் தடுக்கும், குழந்தை மொத்த எடையோடு சாய்ந்தால் கதவே பெயர்ந்து குழந்தையோடு சேர்ந்து கீழே போகலாம். எங்கள் பெட்டியிலும் இது எழுதியிருந்தது, ஆனால் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில்.

ஆகவே மாடித்தளத்துக்கு வேறு வகைக் கதவு தேவைப்பட்டது. திருகில் பொருத்தும் கதவு 5,400 ரூபாய். அடியில் கம்பி இல்லை. ஒரு பக்கம் கீல்கள், மறுபக்கம் கொக்கி, இரண்டுக்கும் திருகு இறக்க உறுதியான இடம் வேண்டும். மரத்தில் துளையிடாமல் இதைப் பொருத்துவதற்கென்றே தூணைச் சுற்றிப் பட்டையால் கட்டும் பொருத்துப் பெட்டிகள் வெளிநாடுகளில் பரவலாக விற்கின்றன. இங்கும் இணையத்தில் கிடைக்கின்றன. அதன் உத்தி எளிமையானது: தூணில் ஒரு பலகையைக் கட்டி, திருகைத் தூணுக்குள் இறக்காமல் அந்தப் பலகைக்குள் இறக்குவது. 2,100 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். பட்டைகள் நன்றாக இருந்தன. பலகை எங்கள் தூணின் அகலத்துக்குப் பொருந்தவில்லை. அதன் முதுகில் ஒட்டியிருந்ததும் ரப்பரே. கருவளையத்தைப் பார்த்த பிறகு ரப்பரை மீண்டும் அந்தத் தூணருகே கொண்டுபோக எனக்குத் துணிவில்லை. பட்டைகளை எடுத்துக்கொண்டு பலகைக்கு ஆசாரியைக் கூப்பிட்டோம். மரக்கடையில் கிடைக்கும் ரீப்பர் இரண்டும் அரை நாள் கூலியும் போதும் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பெட்டியை வாங்கியிருக்கவே மாட்டேன்.

அவர் செய்து கொடுத்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மதிப்புரையில் ஐந்துக்கு ஐந்து பெறும் ஒரே பொருள் அதுதான். ஓர் அங்குலக் கனமும் மூன்று அங்குல அகலமும் கதவின் உயரத்தைவிட ஒரு சாண் கூடுதல் நீளமும் உள்ள இரண்டு ரீப்பர்களை ஒன்றோடொன்று செங்கோணத்தில் பசையும் திருகும் கொண்டு இணைத்தார். இப்படி மூலை வளைந்த பலகை, தூணின் ஒரு முகத்தில் மட்டும் சாயாமல் இரண்டு முகங்களை அணைத்துக்கொள்கிறது. ஒற்றைப் பலகையைக் கட்டினால், கதவைத் தள்ளும்போதெல்லாம் அது தூணைச் சுற்றித் திரும்பப் பார்க்கும்; பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அந்தத் திருகல் நிற்காது. மூலையை அணைத்த பலகைக்குத் திரும்ப இடமில்லை என்பதால், பட்டை அளவாக இறுகினாலே போதும். பலகையின் உட்புறம் முழுவதும் வெள்ளைக் கம்பளி ஃபெல்ட்டைத் தச்சுப் பசையால் ஒட்டி, பசை காய ஒரு முழு நாள் விட்டார். சாயம் ஏற்றிய ஃபெல்ட் வேண்டாம், மழைக்காலத்து ஈரத்தில் நிறம் இறங்கும் என்றார். கார்க் தாளும் உதவும். எதுவும் கிடைக்காவிட்டால், சாயமில்லாத பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்து வைக்கலாம்.

பட்டை கட்டும் இடத்திலும் ஒரு கவனம் தேவை. சதுரத் தூணைச் சுற்றி இறுக்கும் பட்டையின் விசை முகங்களில் பரவுவதில்லை; மூலைகளில்தான் போய்க் குவிகிறது. பலகை அணைக்காமல் திறந்திருக்கும் மூலைகளில் ஃபெல்ட் துண்டை மடித்து வைக்காவிட்டால், பட்டையின் விளிம்பு ஒரு மாதத்தில் பாலிஷை வெட்டிவிடும். கீழே, நடுவில், மேலே என மூன்று கட்டுகள் போட்டோம். மூன்றும் தூணின் சதுரப் பகுதிகளில் விழுமாறு பார்த்துக்கொண்டோம், ஏனெனில் கடைசல் பிடித்த பள்ளத்தில் பட்டை நழுவும். ரப்பர் குழாய்களை இறுக்கப் பயன்படும் எஃகு ஓஸ் கிளாம்புகளைத் தொடுத்தும் கட்டலாம். அவை தளராது, ஆனால் அவற்றின் ஓரம் கத்திபோல இருக்கும். குழந்தையின் கை எட்டும் உயரத்தில் அவற்றை வைக்க எனக்கு விருப்பமில்லை. நைலான் பட்டையின் குறை வேறு: முதல் சில நாட்களில் அது சற்று நீளும். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் மறுபடி இறுக்கினோம். அதன்பின் அசையவில்லை.

அடுத்து, திருகின் நீளம். இதில் தவறினால் இத்தனை ஏற்பாடும் வீண். கதவோடு வந்த திருகுகள் 40 மில்லிமீட்டர் நீளம். பலகையின் கனமோ 25 மில்லிமீட்டர். பெட்டியில் வந்ததையே போட்டால், திருகு பலகையையும் ஃபெல்ட்டையும் கடந்து சத்தமில்லாமல் தேக்குக்குள் இறங்கிவிடும். பலகையைக் கழற்றும் நாளில்தான் தெரியவரும். கொக்கித் தகட்டின் கனத்தைக் கழித்துக் கணக்கிட்டு, 20 மில்லிமீட்டர் திருகுகளைத் தனியாக வாங்கினோம். நீளம் குறைந்ததால் பிடிமானம் குறையாதிருக்க, கெட்டியான மரமாக ரீப்பரைத் தேர்ந்தெடுத்ததோடு, ஒவ்வொரு திருகுக்கும் முன்துளை போட்டார் ஆசாரி. அந்த முன்துளைகளையும் தூணில் கட்டிய நிலையில் போடவில்லை. பலகையைப் பொருத்தி, இடத்தைப் பென்சிலால் குறித்து, அவிழ்த்துக் கீழே கொண்டுபோய், முற்றத்தில் வைத்துத் துளையிட்டார். டிரில்லிங் மெஷின் மாடிப்படியின் மரப்பக்கம் வரவே இல்லை. மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் இடையே அன்று நடந்த உரையாடலில் என் பங்கு காபி கொடுத்ததோடு சரி.

கீல்களைச் சுவர்ப் பக்கமும் கொக்கியைப் பலகைப் பக்கமும் வைத்தோம். கதவின் எடையைச் சுமப்பது கீல்கள். அந்தச் சுமை செங்கல் சுவரில் இறங்கட்டும், கட்டிய பலகை கொக்கியை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும் என்பதே காரணம். கதவு படியின் பக்கம் திறக்காமல் தளத்தின் பக்கம் மட்டுமே திறக்குமாறு, உடன் வந்த தடைத்துண்டைக் கீலில் மாட்டினோம். இந்தச் சிறு பிளாஸ்டிக் துண்டு பலருடைய பெட்டியில் பிரிக்கப்படாத உறையிலேயே கிடக்கிறது. அதை மாட்டாவிட்டால் கதவு இருபுறமும் திறக்கும். அவசரத்தில் தள்ளினால் கதவோடு நாமும் படிகளின் மேல் தொங்குவோம்.

சுவர்ப் பக்கம் நாங்கள் எதிர்பாராத இரண்டு தடைகள் வந்தன. ஒன்று, ஸ்கர்ட்டிங். தரையையொட்டிச் சுவரின் அடியில் ஓடும் மொசைக் பட்டை சுவரைவிட ஒரு சென்டிமீட்டர் புடைத்திருக்கும். கீழ்க் கீல் அதன் மேலும் மேல் கீல் வெறும் சுவரிலும் வந்தால் கதவு சாய்ந்து நிற்கும். ஸ்கர்ட்டிங்குக்கு மேலே தொடங்கும்படி ஒரு சென்டிமீட்டர்க் கனச் சட்டத்தைச் சுவரில் முதலில் பதித்து, இரண்டு கீல்களையும் அதன் மேல் பொருத்தியபின் நேராயிற்று. அகலத்தை அளக்கும்போது தரையருகே ஒன்றும் கதவின் உச்சியருகே ஒன்றுமாக இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். எங்கள் வீட்டில் அவை 90, 91 சென்டிமீட்டர். மற்றொன்று, மின்கம்பி. மாடிப்படி விளக்குக்குக் கீழும் மேலும் டூ-வே சுவிட்ச் இருக்கும் வீடுகளில், அந்தக் கம்பி பெரும்பாலும் நாம் துளையிட நினைக்கும் இடத்தையொட்டியே சுவருக்குள் போகும். சுவிட்சுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளையிடாமல் ஒரு முழம் தள்ளி வைத்தோம். துளையிடும்போது மெயினையும் அணைத்து, முன்னெச்சரிக்கையாகப் பக்கத்து வீட்டிலிருந்து மின்சாரம் எடுத்தோம். மேல்பூச்சில் மட்டும் நிற்கும் திருகு குழந்தையின் இரண்டு உலுக்கலுக்கு மேல் தாங்காது. பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் இறங்குமாறு இரண்டு அங்குல ஆழம் துளைத்து, பிளக் அடித்து, பெட்டியில் வந்த நீளத் திருகுகளை இங்கே பயன்படுத்திக்கொண்டோம். ஒரு துளை செங்கல் இணைப்பில் விழுந்து பொடியாய் உதிர்ந்தது. அதை அடைத்துவிட்டு இரண்டு விரல் தள்ளி வேறொன்று போட்டோம். சுவர்தானே.

கதவாக இதை மதிப்பிட்டால் ஐந்துக்கு நான்கு தருவேன். உயரம் 76 சென்டிமீட்டர். தரைக்கும் கதவுக்கும் இடையே நான்கு சென்டிமீட்டர். கம்பிகள் நெடுக்கில் மட்டுமே இருப்பதால் காலை ஊன்றி ஏற இடமில்லை. சத்தம் குறைவு. குறையும் ஒன்று இருக்கிறது. குமிழை ஒரு விரலால் பின்னால் இழுத்துக்கொண்டே கதவைத் தூக்க வேண்டும் என்ற இரட்டைச் செயல் கொக்கி குழந்தைக்குக் கடினம் என்பது போலவே, மூட்டுவலி உள்ள அத்தைக்கும் கடினம். முதல் வாரத்தில் அவர் கொக்கியோடு போராட மனமில்லாமல் கதவைத் தாண்டிக் கால் வைக்க முயன்றதைப் பார்த்து நாங்கள் பதறிவிட்டோம். பெரியவர்கள் இருக்கும் வீட்டில், வாங்குவதற்கு முன் அவர்கள் கையால் கொக்கியைத் திறந்து பார்ப்பது அவசியம். இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் காலத்துக்குள் அந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும். நாங்கள் குமிழில் சிறிய மரப்பிடி ஒன்றை ஒட்டிக் கொடுத்தபின் அவருக்குச் சுலபமாயிற்று.

சுருட்டி இழுக்கும் வலைக் கதவையும் விசாரித்தேன். பார்க்க அழகு, தடுக்கும் கம்பியும் இல்லை. ஆனால் சுருளுக்கு ஒரு பக்கமும் கொக்கிகளுக்கு மறுபக்கமும் திருகு வேண்டும், ஆகவே கட்டுப் பலகை அதற்கும் தேவை. வலை கீழ்ப்பக்கம் தொய்ந்தால் தவழும் குழந்தை அடியில் நுழைய இடமும் கிடைக்கும். கிரில் பட்டறைக்காரர் குறுக்குப்பட்டைகள் மடங்கும் சிறிய கொலாப்சிபிள் கேட் செய்து தருவதாகச் சொன்னார். பட்டைகள் ஒன்றையொன்று வெட்டும் அந்த வைர வடிவ இடைவெளிகளில் விரல் நசுங்கும்; மரத்தில் செய்த அதே மாதிரியான பழைய மடக்குக் கதவுகளில் குழந்தைகளின் தலையும் கழுத்தும் சிக்கியிருக்கின்றன. கதவு மட்டும் போதாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் கடைசல் கால்களுக்கு இடையே நாலரை அங்குலம் இருந்தது. பிரிட்டனின் கட்டட விதிகள் குழந்தைகள் புழங்கும் படிக்கட்டுகளில் 100 மில்லிமீட்டர் உருண்டை நுழையும் இடைவெளி கூடாது என்கின்றன, அதாவது நான்கு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. மாடித்தளத்துக் கைப்பிடி நெடுக நைலான் வலையைப் பருத்திக் கயிற்றால் கட்டினோம். அதற்கும் ஆணி வேண்டியிருக்கவில்லை.

மேல் ஏற்பாடு உறுதியானதும் கீழிருந்த அழுத்தக் கதவைக் கழற்றிவிட்டு, அதே முறையில் ஒரு பலகையும் திருகுக் கதவும் கீழேயும் பொருத்தினோம். தூணின் முனகல் தானாக நிற்கவில்லை. ஆசாரி அடிமூட்டில் மெல்லிய ஆப்பு ஒன்றைச் செருகிப் பசையிட்ட பிறகே நின்றது. கழற்றிய கதவு வீணாகவில்லை: சமையலறை வாசலின் இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவே, இருபுறமும் செங்கல் என்பதால், அது ஓராண்டு அசையாமல் நின்றது. அந்த இடத்தில் அதற்கு நான்கு நட்சத்திரம் தரலாம். மரப் படிக்கட்டில் ஒன்று.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிறு தோறும் கதவைப் பிடித்து உலுக்கி, பட்டைகளில் விரல் நுழைகிறதா என்று பார்ப்போம். ஐப்பசி மழையில் ஃபெல்ட் ஈரம் கோத்திருக்குமோ என்ற ஐயத்தில் ஒருமுறை பலகையை முழுவதும் அவிழ்த்துக் காயவைத்துக் கட்டினோம். ஈரத் துணியை அரக்குப் பாலிஷோடு சேர்த்துக் கட்டி வைத்தால் வெண்படலம் பூக்கும் என்பதால், தரையைத் துடைக்கும்போது பலகையின் அடி நனையாதபடி அதைத் தரையிலிருந்து ஒரு விரல் உயர்த்தியே கட்டியிருந்தோம்.

மகனுக்கு இரண்டு வயது நிறைந்தபோது, அவன் கைப்பிடியைப் பற்றி ஏறி இறங்கத் தெரிந்துகொண்டதோடு கதவின் மேல் காலைப் போட்டுத் தாண்டவும் முயலத் தொடங்கியிருந்தான். ஏறிக் குதிக்கத் தெரிந்த குழந்தைக்கு முன் அந்தக் கதவு, விழுவதற்குக் கூடுதல் உயரம் மட்டுமே தரும். அந்த வாரமே இரண்டையும் கழற்றினோம். பலகை இருந்த இடத்தில் தேக்கின் நிறம் சுற்றுப்புறத்தைவிட ஒரு சாயல் மாறித் தெரிந்தது. வெளிச்சம் படாமல் மூடியிருந்ததால் வந்த வேறுபாடு அது, ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் இடமென்பதால் இரண்டு மாதத்தில் சமமாகிவிட்டது. ரப்பர் பதிந்த கருவளையம் மட்டும் இன்னும் கீழ்த் தூணில் இருக்கிறது. அந்த இடத்தைத் தேய்த்துப் புதுப் பாலிஷ் ஏற்ற ஆசாரி ஆயிரத்து இருநூறு ரூபாய் கேட்டிருக்கிறார். கதவுகள் இரண்டையும் திருப்பூரிலுள்ள நாத்தனார் கேட்டு வாங்கிப் போனார். அவர்கள் வீட்டில் கைப்பிடி வட்டமான எஃகுக் குழாய். எங்கள் மூலைப் பலகை அதற்கு உதவாது என்பதால், குழாயின் வளைவுக்கேற்ற பள்ளத்தோடு வேறொன்று செய்யச் சொல்லி அதே ஆசாரியின் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.